உடம்புக்குத் தெரியாமல்

இரண்டாவது ஊசியும் போட்டு முடித்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மார்க் பைத்தியம் பிடித்தது. கொரோனா ஊசிக்கு உடம்பு எவ்வளவு எதிர்ப்பு சக்தி உண்டாக்கியிருக்கிறது என்று ரத்தத்தில் அளந்து பார்க்கலாம், ஊழியர்களுக்கு இலவசம் என்று நிர்வாகம் அறிவித்ததுதான் தாமதம், லேப் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஆட்கள், இதை விடுவார்களா?

அளந்தவள் நான். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது மற்றவர்கள். பின்னறையில் உட்கார்ந்து அதை இயந்திரத்தில் ஏற்றி எண்ணைப் படிப்பது என் வேலை. கொரோனாவுக்கு முன்னால் நானும் முன்னறையில்தான் இருந்தேன். சிறுநீரகம் மாற்றியவள், நோயாளிகள் பக்கமே போகக் கூடாது என்று பின்னறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. ரத்தக் குழாய்கள் வரும், மனிதர்கள் வர மாட்டார்கள்.

எண்கள் வெளியே போனதும் கூத்து ஆரம்பித்தது. வாட்ச்மேனுக்கு ஆயிரத்தைத் தாண்டியது. கணக்குப் பிரிவு மேனேஜருக்கு அதில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து மேனேஜரின் காருக்குக் கேட் திறக்கும்போதெல்லாம் வாட்ச்மேன் ஒரு தினுசாகச் சிரித்தார். மேனேஜர் என்னிடம் வந்து, "இன்னொரு தடவை பாருங்களேன், மெஷின் சரியில்லையோ என்னவோ" என்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் அடுத்த தடவை நல்லாப் படிச்சுட்டு வரணும்."

வாய்க்கொழுப்பு. அண்ணனிடமிருந்து எனக்கு முதலில் வந்தது அதுதான், சிறுநீரகம் பிறகுதான் வந்தது.

என் குழாயைக் கடைசியாக ஏற்றினேன். ரத்தத்தை வேகமாகச் சுழலவிட்டால் சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அந்த நீரில்தான் அளப்போம். மற்றவர்களுடையதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. என்னுடையதைப் பார்க்கும்போது மட்டும், இதை இன்று காலையும் வடிகட்டித் தந்தவர் செத்துப்போனவர் என்ற நினைப்பு வந்து பிடரி சில்லிடும்.

இயந்திரம் எனக்கு எண்ணே தரவில்லை. 'அளவுக்குக் கீழே' என்று மட்டும் காட்டியது. மறுபடி ஏற்றினேன். மேனேஜரைக் கிண்டல் செய்த அதே வாய், மெஷின் சரியில்லையோ என்று முணுமுணுத்தது. மறுபடியும் அதேதான். இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட என் உடம்பில், போட்டதற்கான அடையாளமே இல்லை.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். எனக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட வருஷம், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே முன்வந்தவர். "ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸ்டெப்னிதானே" என்றார். அதை என் வயிற்றில் வலது பக்கம் கீழே, தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் தட்டுப்படும். ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததிலிருந்து தினமும் காலையில் போன் செய்வார். "என்ன சில்லறை, வண்டி ஓடுதா?" வீட்டில் நான் கடைசி, உருவத்தில் பொடிசு, சத்தம் மட்டும் அதிகம். அதனால் சில்லறை. ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் கேள்வி. "ஓடுது" என்பேன். போனை வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

ஊசி வருவதற்கு முன்னால் நோய் வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு அண்ணனின் பஸ் ஓடியது. அதில்தான் அவருக்குத் தொற்றியது. பக்கத்தில் போனால் நானும் போய்விடுவேன் என்று என்னை விடவில்லை. நான் வேலை பார்க்கும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் கீழே பின்னறையில் அவருடைய ரத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். எண்கள் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே வந்தன. அவரிடம் மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகம்தான் முதலில் நின்றது.

"ரெண்டும் இருந்திருந்தா தாங்கியிருப்பானோ என்னமோ" என்று உறவுக்காரர் ஒருவர் போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து தங்கினார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்குக் கல்யாணம் இல்லை. அண்ணி மழலையர் பள்ளியில் டீச்சர். எவ்வளவு அடம் பிடிக்கிற குழந்தையானாலும் அதற்கே தெரியாமல் மருந்தை உள்ளே தள்ளிவிடுகிற கை. வீட்டுக்குள் அண்ணனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பார். அது அவருக்குப் பெரிது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் அறைந்து ஓசை எழும். அண்ணன் நடக்கிற அதே ஓசை. நான் குளியலறைக்குள் போனால் அந்த ஓசை கதவுவரை வந்து நிற்கும். நான் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நகரும். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"வண்டி ஓடுதா?"

"ஓடுது, அண்ணி."

அவர் விசாரிப்பது என்னை இல்லை என்று இருவருக்குமே தெரியும். ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிற மாதிரிதான் நாங்கள் இருந்தோம்.

இயந்திரம் கைவிரித்த செய்தியோடு கிட்னி டாக்டரிடம் போனபோது அண்ணியும் கூட வந்தார். டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படவில்லை.

"வேற ஒருத்தரோட கிட்னி உள்ள இருக்குன்னு உங்க உடம்புக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அதைத் தாக்கும். அதனால மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். தூங்கற உடம்புக்கு ஊசி போட்டா, அதுவும் தெரியாமப் போயிடுது."

"அப்ப என்ன செய்யறது, டாக்டர்?"

"அந்த ஊதா மாத்திரையை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துவோம். அந்த இடைவெளியில மூணாவது ஊசி. உடம்பு கொஞ்சம் முழிச்சுப் பார்த்துச்சுன்னா எதிர்ப்பு சக்தி வரும்."

"முழிச்சா கிட்னியையும் பார்த்துடாதா?" கேட்டது அண்ணி.

"பார்க்கலாம். சின்ன ரிஸ்க்தான். ஆனா இவங்க இப்படியே இருந்து நோய் வந்தா அது பெரிய ரிஸ்க். இவங்க தாங்க மாட்டாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடு நெருங்கும்போது, "அவரை ஒரு வார்த்தை கேக்காம செய்யறோம்" என்றார்.

"செத்தவர்கிட்ட எப்படி அண்ணி கேக்கறது?"

"முழுசாச் செத்தாத்தானே" என்று சொல்லி என் வயிற்றைப் பார்த்தார். நான் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஊதா மாத்திரையை நிறுத்தினேன். ஊசியும் போட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு என் உடம்பைக் கண்டாலே பயமாக இருந்தது. உள்ளே யாரோ கண் விழிக்கப்போகிறார்கள், விழித்ததும் அண்ணனைப் பார்த்து, நீ யார் என்று கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். வேலையில் இருக்கும்போதும் கை தானாக அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்கும். அண்ணி காலையும் மாலையும் மிளகு தட்டிப்போட்ட பால் கொண்டுவந்து கொடுப்பார். நான் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டார். பால் கசந்தது.

"என்ன அண்ணி, கசக்குது?"

"ஊசி போட்டா வாய் அப்படித்தான் இருக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

குடித்தேன். நாற்பதை நெருங்கும் எருமை, மழலையர் வகுப்புப் பிள்ளை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறுநீரகம் கல்லுப் போல இருந்தது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, டாக்டர் சொன்ன நாளில் ரத்தம் கொடுத்து, நானே இயந்திரத்தில் ஏற்றினேன். 'அளவுக்குக் கீழே.'

அன்று பின்னறையில் நான் அழுதேன். மூன்று முறை கதவைத் தட்டியும் திறக்காத வீடாக இருந்தது என் உடம்பு. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அண்ணி என் தலையைத் தடவிக் கொடுத்தார். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். "அது போதும்" என்றார்.

சில நாள் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "சில்லறை, ஊதா மாத்திரை தீரப்போகுது. வர்ற வழியில வாங்கிட்டு வந்துடு."

சரி என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கி, தெருமுனைவரை போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோதுதான் உறைத்தது. மாதாமாதம் அளவாக வாங்குகிற மாத்திரை. இடையில் அத்தனை நாள் நிறுத்தியிருக்கிறேன். அப்படியானால் அட்டை அட்டையாக மிச்சம் இருக்க வேண்டும். அது எப்படித் தீரும்?

கண்டக்டர் திட்டியதைக் காதில் வாங்காமல் திரும்பி நடந்தேன். நாக்கில் அந்தப் பாலின் கசப்பு வந்து நின்றது.

அண்ணி பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்தார்.

"பால்ல என்ன போட்டீங்க?"

அவர் மழுப்பவில்லை. "நசுக்கிப் போட்டேன்" என்றார்.

"என் உடம்புக்குள்ள எனக்கே தெரியாம மருந்தைப் போட்டிருக்கீங்க! நான் என்ன உங்க ஸ்கூல் பிள்ளையா?"

"உன் உடம்பு முழிச்சா முதல்ல அவரைத்தானே பார்க்கும், சில்லறை? அடையாளம் தெரியாம வெளிய போடான்னு சொல்லிடும். ஒரு தடவை தூக்கிக் குடுத்துட்டேன். கண்ணால பார்க்கக்கூட விடல. மறுபடியும் குடுக்கச் சொல்றியா?"

"நான் செத்தா அவர் மட்டும் தனியா இறங்கி வந்துடுவாரா? என்கூடத்தானே வருவார்? அது தோணலையா உங்களுக்கு?"

அண்ணி கைப்பையை மறுபடி எடுத்தார். அப்போது, இத்தனை நாள் தொண்டையில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன். கோபத்தில் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

"ஒரு கிட்னியோட இருந்ததாலதான் அவர் போனார்னு நினைக்கறீங்க. அதானே? என் மேல கோவம்தானே உங்களுக்கு?"

"ஆமா" என்றார் அண்ணி. "தினமும். காலைல எந்திரிச்சதும் உன் மேல அவ்வளவு கோவம் வரும். அப்புறம் வண்டி ஓடுதான்னு கேப்பேன். ஓடுதுன்னு சொல்லுவே. அடங்கிடும். மறுநாள் திரும்ப வரும்."

நான் தரையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நான் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். அது வந்துவிட்டது, வீடு இடிந்து விழவில்லை.

அதன் பிறகு சில நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. செருப்பு ஓசை வந்து கதவருகே நிற்கும், கேள்வி வராது. நானும் பதில் சொல்ல மாட்டேன். அந்த நிசப்தத்தில் என் வயிற்றுக்குள் இருந்தவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. வீட்டில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிற ஆள்.

ஒரு மாலை, அண்ணி எனக்கு எதிரே ஒரு டம்ளர் பாலோடு வந்து உட்கார்ந்தார். தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். பிறகு ஊதா மாத்திரை அட்டைகள் அத்தனையையும் என் மடியில் வைத்தார்.

"இதை நீயே பூட்டி வெச்சுக்கோ. சாவியை எங்கிட்டக் காட்டாதே. என் கையை நான் நம்பல."

"எதுக்கு இப்போ?"

"டாக்டர்கிட்டக் கேளு, இன்னொரு தடவை நிறுத்திட்டு ஊசி போடலாமான்னு. நடந்ததைச் சொல்லிடு. என் பேரையும் சொல்லு. திட்டினா வாங்கிக்கறேன்."

டாக்டர் திட்டத்தான் செய்தார். மேஜையைத் தட்டி, "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே!" என்று கத்தினார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு டாக்டர் நான்காவது ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

இந்த முறை பால் கசக்கவில்லை. நிறுத்திய நாட்கள் முடிகிற அன்று காலை எழுந்தபோது அந்த இடத்தில் ஒரு கனம் இருந்தது. தொட்டால் லேசான சூடு. அண்ணியிடம் சொல்லவில்லை. செருப்பைக் குளியலறைக் கதவருகே கழற்றிவிட்டு அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

என் ரத்தத்தை இரண்டு இயந்திரத்தில் ஏற்றினேன். ஒன்று எதிர்ப்பு சக்தியை அளப்பது, மற்றது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது. முதல் இயந்திரம் எண் தந்தது. சின்ன எண். மேனேஜர்கூடச் சிரிப்பார். ஆனால் எண். திரையை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் உடம்பு விழித்துக்கொண்டது.

இரண்டாவது இயந்திரம் சொன்ன எண் கொஞ்சம் ஏறியிருந்தது. அது ஏறக் கூடாத எண். விழித்த உடம்பு அண்ணனையும் பார்த்துவிட்டது.

டாக்டர் போனில் அவசரமாகப் பேசினார். இன்றே மாத்திரையை ஆரம்பியுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும், இரண்டு நாளில் மறுபடி பார்ப்போம் என்றார். அடங்கியது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. ஆனால் அன்று மாலை நான் படியேறும்போது எங்களில் யாருக்கும் அது தெரியாது.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். வழியெல்லாம் நான் அவருடைய கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்தேன். அவருக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்பார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

"உனக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எனக்கா?"

"உனக்குத்தான். நம்பர் வந்துதா?"

சொன்னேன்.

"வாட்ச்மேனைவிடக் கம்மியா?"

"ரொம்பக் கம்மி அண்ணி. கிட்டக்கூட நிக்க முடியாது."

"பாஸா?"

"ஜஸ்ட் பாஸ்."

அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை, என்னைப் பக்கத்தில் விடவில்லையே. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் மற்றதைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அண்ணனோட நம்பர் கொஞ்சம் ஏறியிருக்கு, அண்ணி. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லிட்டார்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அலமாரியைத் திறந்து, அவர் கண் முன்னால் ஊதா மாத்திரையைப் போட்டு விழுங்கினேன். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, முதல் முறையாக, துணிக்கு மேலேயே அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வகுப்பில் பிள்ளைகளைத் தட்டிக் கொடுக்கிற குரலில் பேசினார், என்னிடம் அல்ல.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. சின்னப் பொண்ணு, முழிச்சுட்டா. இதோ தூங்கிடுவா."

பிறகு விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்கு அவசரமாக வந்தது. குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். வருமா, வராதா? வந்தது. எப்போதும் போல, தாராளமாக வந்தது. தண்ணீர் ஊற்றினேன். செருப்பு ஓசை நிதானமாக வந்து கதவருகே நின்றது.

"ஓடுது, அண்ணி" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே, சில்லறை" என்று அண்ணியின் குரல் வந்தது, அடுப்படியிலிருந்து.

கதவைத் திறந்தேன். அண்ணி அந்தக் கோடியில் வெறுங்காலோடு நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அண்ணனின் செருப்பு காலையில் அவர் கழற்றிவிட்ட இடத்திலேயே, கதவருகே, என்னைப் பார்த்தபடி ஜோடியாகக் கிடந்தது.

"ஓடுது" என்றேன் இன்னொரு முறை, மெதுவாக, அண்ணிக்குக் கேட்காதபடி.